ஜெர்ரி குவாரி ஏன் ஒருமுறைகூட உலகச் சாம்பியன் ஆகவில்லை?

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜெர்ரி குவாரி உண்மையிலேயே திறமையானவரா, அல்லது வெள்ளையர் என்பதற்காகப் பத்திரிகைகள் தூக்கிப் பிடித்த வீரரா, திறமையானவர் என்றால் மிக உயர்ந்த எடைப் பிரிவான ஹெவிவெயிட்டின் உலகப் பட்டத்தை ஏன் ஒருமுறைகூட வெல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் திறமையைப் பற்றி எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அவருடைய பலம் காத்திருந்து அடிப்பதில் இருந்தது; ஆனால் பின்வாங்காமல் நின்று அடிப்பதுதான் ஆண்மை என்று சிறு வயதிலிருந்தே அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. இந்த இரண்டுக்கும் இடையே அவர் இழுபட்டதில்தான் அவருடைய ஆட்ட வாழ்வின் ஏற்ற இறக்கம் எல்லாம் வந்தது என்பது பல ஆண்டுகளாக அவருடைய ஆட்டங்களைப் பார்த்து நான் வந்தடைந்த முடிவு.

குவாரியை நான் அறிந்துகொண்ட வழியைச் சொல்லிவிடுகிறேன். 1980-ஆம் ஆண்டு முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடியபோது என் தந்தையார் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அன்று அலியின் எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். வீட்டில் அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அலியைப் பற்றித்தான் கேட்பார்கள். அப்பா மட்டும், எல்லிஸும் ஒரு காலத்தில் உலகச் சாம்பியன்தான் என்பதைச் சொல்லாமல் விடமாட்டார். எல்லிஸ் யாரை வென்று அந்தப் பட்டத்தைப் பெற்றார் என்று பின்னாளில் தேடியபோது கிடைத்த பெயர்தான் ஜெர்ரி குவாரி.

குவாரி 1945-ல் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். 1930-களின் வறட்சியும் புழுதிப் புயல்களும் விரட்டியதால் கலிபோர்னியாவுக்குப் பிழைப்புத் தேடி வந்து, தோட்டங்களில் கூலி வேலை செய்த மக்களின் வழியில் வந்த குடும்பம் அது. தந்தை ஜாக் குவாரி, பள்ளி வயதை எட்டும் முன்பே பிள்ளைகளின் கையில் குத்துச்சண்டை உறையை மாட்டிவிட்டார். குவாரி குடும்பத்தில் பிறந்தவன் பாதியில் விட்டுவிட்டு வரமாட்டான் என்பது அந்த வீட்டின் மந்திரம்போல் இருந்தது. 1965-ல் கன்சாஸ் சிட்டியில் நடந்த தேசிய கோல்டன் குளோவ்ஸ் அமெச்சூர் போட்டியில் ஜெர்ரி தன்னை எதிர்த்த ஐந்து பேரையும் நாக் அவுட் செய்து வென்றார். அதே ஆண்டில் தொழில்முறைக் களத்தில் இறங்கினார்.

அவருடைய ஆட்ட முறையைப் புரிந்துகொள்ளாமல் அவருடைய தோல்விகளைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் இயல்பிலேயே கவுன்ட்டர் பஞ்ச் ஆட்டக்காரர். எதிராளியை முதலில் அடிக்கவிட்டு, அந்தக் குத்தைத் தலையசைத்துத் தவறவைத்து, அவன் கை திரும்பிப் போவதற்குள் இடது ஹூக்கையோ (கையை வளைத்துப் பக்கவாட்டில் அடிக்கும் குத்து) வலது கைக் குத்தையோ இறக்குவது அவர் பாணி. கயிற்றோரம் சாய்ந்து நின்றுகூட அவரால் இதைச் செய்ய முடியும். முன்னேறி வந்து அடிப்பவர்களுக்கு இந்த முறை பெரும் ஆபத்து. எதிராளியும் காத்திருப்பவனாக இருந்துவிட்டால், முன்கை எடுத்து ஆட்டத்தை நடத்தும் வழி அவருக்கு எளிதில் வராது.

1967-ல் வியட்நாம் போருக்கான படைச் சேர்ப்பை மறுத்ததால் அலியின் பட்டம் பறிக்கப்பட்டதும், உலகக் குத்துச்சண்டைச் சங்கம் எட்டு வீரர்களைக் கொண்டு ஒரு தேர்வுப் போட்டியை நடத்தியது. குவாரி அதில் முதலில் முன்னாள் சாம்பியன் ஃபிளாய்டு பேட்டர்சனைப் புள்ளிகளில் வென்றார். சில மாதங்களுக்கு முன் அதே பேட்டர்சனோடு அவர் சமநிலையில் முடித்திருந்தார். அடுத்து, பலரும் வெல்வார் என்று எதிர்பார்த்த தாட் ஸ்பென்சரை, மேற்கொண்டு ஆட முடியாதபடி அடித்து 12-ஆம் சுற்றில் வென்றார். 1968 ஏப்ரல் 27 அன்று ஓக்லண்டில் இறுதிப் போட்டி நடந்தபோது அவருக்கு வயது 22. எதிரே, அலியோடு பல ஆண்டுகள் பயிற்சி ஆட்டம் ஆடித் தேர்ந்த, ஏஞ்சலோ டண்டீ பயிற்றுவித்த எல்லிஸ்.

15 சுற்றுகள் நடந்த அந்த ஆட்டத்தைப் பார்ப்பது எனக்கு இன்றும் சிரமமாகவே இருக்கிறது. எல்லிஸ் வந்து மோதுவார் என்று குவாரி கயிற்றோரம் காத்திருந்தார். எல்லிஸோ டண்டீயின் திட்டப்படி தொலைவிலிருந்து தொட்டுவிட்டு விலகிக்கொண்டே இருந்தார். நடுவர்களின் பெரும்பான்மைத் தீர்ப்பு எல்லிஸுக்குச் சென்றது. முதுகெலும்புக் காயத்தோடுதான் ஆடியதாகக் குவாரி பிறகு சொன்னார். அதை நான் பொய் என்று ஒதுக்கவில்லை. ஆனால் முதுகு நன்றாக இருந்திருந்தாலும் காத்திருப்பவனைக் காத்திருந்து வெல்ல முடியாது என்பதே அந்த இரவு காட்டிய உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தோல்விக்குப் பின் அவர்மேல் விழுந்த விமர்சனம், அவர் துணிந்து அடிக்கவில்லை என்பதுதான். அதற்கு அவர் பதில் சொல்ல நினைத்த மேடை, 1969 ஜூன் 23 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். அவ்வாண்டு மார்ச்சில் அதே அரங்கில், தன்னைவிட உருவத்தில் மிகப் பெரியவரான பஸ்டர் மேத்திஸை உடம்பில் குத்திக் குத்தியே அடக்கி வென்றிருந்தார். இப்போது எதிரே, நியூயார்க் மாநிலம் சாம்பியனாக ஏற்றிருந்த ஜோ ஃபிரேசியர். ஓயாமல் முன்னேறி வருபவரான ஃபிரேசியர், கவுன்ட்டர் ஆட்டக்காரர் ஒருவருக்கு வாய்க்கக்கூடிய மிகப் பொருத்தமான எதிராளி. குவாரி செய்ததோ நேர்மாறு. மணி அடித்ததும் நடு மேடைக்குப் போய், தலையோடு தலை உரச நின்று, ஃபிரேசியரோடு குத்துக்குக் குத்து மாற்றிக்கொண்டார். முதல் சுற்று அவருடையதாகவே இருந்தது, அரங்கம் எழுந்து நின்றது. ஆனால் அந்த வேகத்தில் 15 சுற்றுகள் ஆடக்கூடியவர் அன்றைய உலகில் ஒருவர்தான் இருந்தார், அவர் ஃபிரேசியர். குவாரியின் கண்ணருகே ஏற்பட்ட வெட்டு ஆழமாகி, ஏழாம் சுற்றோடு ஆட்டம் நிறுத்தப்பட்டது. நிறுத்த வேண்டாம் என்று அவர் மன்றாடினார். ரிங் என்ற குத்துச்சண்டை இதழ் அதை அந்த ஆண்டின் சிறந்த போட்டியாகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பாராட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது, ஏனென்றால் அது அவர் வென்றிருக்கக்கூடிய ஆட்டம் என்று நான் நம்புகிறேன்.

அதே ஆண்டு டிசம்பரில் கனடாவின் ஜார்ஜ் சுவாலோவிடம் அவர் தோற்ற விதம் விசித்திரமானது. புள்ளிகளில் முன்னிலையில் இருந்தார். சுவாலோவின் ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. ஏழாம் சுற்று முடியச் சில நொடிகள் இருக்கையில் ஒரு இடது ஹூக் பட்டு விழுந்த குவாரி, உடனே எழுந்து, பிறகு மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்து, நடுவரின் எண்ணிக்கையைத் தவறாகக் கணித்துப் பத்து எண்ணப்பட்டபின் எழுந்தார். நாக் அவுட் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு முன்னணி வீரர் எண்ணிக்கையைத் தவறவிட்டுத் தோற்பது மிக அரிது.

இப்படித் தோற்றவர் அவ்வளவுதான் என்று எழுதியவர்களுக்கு 1970 ஜூனில் பதில் கிடைத்தது. ஆடிய 24 போட்டிகளிலும் எதிராளியை நாக் அவுட் செய்திருந்த மேக் ஃபாஸ்டரை அவர் ஆறாம் சுற்றில் வீழ்த்தினார். அந்த வெற்றிதான் அவரை அலியிடம் கொண்டு சேர்த்தது. 43 மாத இடைவெளிக்குப் பிறகு 1970 அக்டோபர் 26 அன்று அட்லாண்டாவில் அலி மீண்டும் மேடையேறியபோது, எதிரே நின்றவர் குவாரி. குவாரியின் கண்ணுக்கு மேலே ஏற்பட்ட வெட்டினால் மூன்று சுற்றுகளிலேயே ஆட்டம் முடிந்தது. அவருடைய முகத்தோல் எளிதில் கிழிந்துவிடும். எந்தப் பயிற்சியும் அதற்கு மருந்தாக முடியாது.

1972 ஜூன் 27 அன்று லாஸ் வேகாஸில் அலியோடு நடந்த மறுபோட்டியை என்னால் வெறும் விளையாட்டாகப் பார்க்க முடியவில்லை. அன்று முதலில், ஜெர்ரியின் தம்பி மைக் குவாரி, லைட் ஹெவிவெயிட் சாம்பியன் பாப் ஃபாஸ்டரோடு மோதினார். அதுவரை தோல்வியே காணாத மைக், நான்காம் சுற்றில் ஒரு இடது ஹூக்கில் நினைவிழந்து விழுந்து, நீண்ட நேரம் எழவில்லை. அதைக் கண்ட அண்ணன் சிறிது நேரத்தில் அதே மேடையில் ஏறி அலியை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஏழாம் சுற்றின் தொடக்கத்தில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார், வென்றவர் அலி. கருப்பினச் சகோதரர்களுக்கு எதிராகக் குவாரி சகோதரர்கள் என்ற தொனியில் அந்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்திருந்தார்கள்.

உங்கள் கேள்வியின் இன்னொரு பாதிக்கு இங்கேயே வந்துவிடுகிறேன். வெள்ளை இனத்தின் நம்பிக்கை என்ற முத்திரை அவர்மேல் குத்தப்பட்டது உண்மை. அதனால் டிக்கெட்டுகள் விற்றன, அவருக்கு வாய்ப்புகள் வந்தன, வருமானமும் வந்தது. ஆனால் ஊதிப் பெரிதாக்கப்பட்ட வீரர்களை அவர்களுடைய மேலாளர்கள் ஆபத்தான எதிராளிகளிடமிருந்து ஒளித்துவைப்பார்கள். குவாரி ஆடியவர்களின் பெயர்களைப் பாருங்கள்: மேக்கன், பேட்டர்சன், எல்லிஸ், ஃபிரேசியர், சுவாலோ, அலி, லைல், ஷேவர்ஸ், நார்ட்டன். ஹெவிவெயிட் வரலாற்றின் மிக வலுவான காலத்தில், மற்றவர்கள் தவிர்த்த ஆட்களையும் அவர் தவிர்க்கவில்லை. அவருடைய சிறந்த நாட்களில் எடை 200 பவுண்டை ஒட்டியே இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஹெவிவெயிட்டுக்குச் சற்றுக் கீழான க்ரூஸர்வெயிட் என்ற பிரிவு அப்போது உருவாகவில்லை. பத்தாண்டுகள் தள்ளிப் பிறந்திருந்தால் அவருக்கு ஏற்ற எடைப் பிரிவு ஒன்று காத்திருந்திருக்கும்.

அவர் தொழில் வாழ்வின் உச்சம் எந்தப் பட்டப் போட்டியிலும் இல்லை. 1973-ஆம் ஆண்டில்தான் இருக்கிறது. அப்போது அவருக்குப் பயிற்சியளித்தவர் கில் கிளான்சி. அவ்வாண்டு பிப்ரவரியில், சிறையில் குத்துச்சண்டை கற்று வெளியே வந்து 19 ஆட்டங்களில் தோல்வியே காணாதிருந்த ரான் லைலை அவர் எதிர்கொண்டார். ஏறுமுகத்தில் இருப்பவர் லைல்தான் என்று பலர் நினைத்தார்கள். லைலின் ஒவ்வொரு ஜாபையும் (முன் நிற்கும் கையை நேராக நீட்டி அடிக்கும் குத்து) குவாரி தோளாலும் கையாலும் தட்டிவிட்டு, அவருடைய வலது கை நீளும் கணத்துக்காகப் பொறுத்திருந்து, இடைவெளி கிடைத்தபோது மட்டும் அடித்தார். 12 சுற்றுகளின் முடிவில் தீர்ப்பு ஒருமனதாக அவர் பக்கம் வந்தது. டிசம்பரில் எர்னி ஷேவர்ஸ். அந்தக் காலத்தின் மிகக் கடுமையான குத்து யாருடையது என்று கேட்டால் பழைய வீரர்கள் பலர் சொல்லும் பெயர் அது. அதே ஆண்டு ஜூனில் எல்லிஸை முதல் சுற்றிலேயே வீழ்த்தியிருந்த ஷேவர்ஸை, குவாரியும் முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். தன்னிடமிருந்து பட்டத்தைத் தட்டிச்சென்ற எல்லிஸை வீழ்த்தியவரை அவர் அப்படி வென்றதில், 1968-ன் காயம் கொஞ்சமாவது ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நேரத்தில் அவருக்கு உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது 1974 ஜூனில் ஃபிரேசியரோடு மறுபோட்டி. மீண்டும் நின்ற இடத்தில் நின்று குத்துகளை வாங்கினார். ஐந்தாம் சுற்றில் அவருடைய தோல்வியோடு ஆட்டம் முடிந்தது. அன்று நடுவராக இருந்த முன்னாள் சாம்பியன் ஜோ லூயிஸ், ஆட்டத்தை இன்னும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்ற விமர்சனத்துக்கு ஆளானார். 1975 மார்ச்சில் கென் நார்ட்டனும் அவரை ஐந்தாம் சுற்றில் வென்றார். அத்தோடு முன்னணி வரிசையில் அவருடைய இடம் முடிந்தது. 1977-ல் ஒரு போட்டிக்காக மட்டும் திரும்பி வந்து வென்றார்.

1983-ல் ஒரு அமெரிக்க வார இதழுக்காக நடந்த மருத்துவச் சோதனைகளில், அவர் மூளையில் பாதிப்பின் அறிகுறிகள் தென்பட்டன. அதே ஆண்டில் அவர் இரண்டு முறை போட்டியிட்டார். பிறகு 1992 அக்டோபரில், 47-ஆம் வயதில், குத்துச்சண்டையைக் கண்காணிக்கும் மாநில ஆணையம் இல்லாத கொலராடோவில், அரோரா என்ற ஊரில் ஆறு சுற்றுகள் ஆடித் தோற்றார். அதற்கு அவர் பெற்ற பணம் 1,050 டாலர். தடுக்கச் சட்டம் இல்லாத இடமாகத் தேடி அந்த ஆட்டத்தை ஏற்பாடு செய்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குத்துச்சண்டை வீரர்களுக்கு வரும் இந்த மூளைச் சிதைவு நோயை 1928-லேயே ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்து எழுதியிருக்கிறார். நாக் அவுட் ஆகும் இரவுகள் மட்டும் இதற்குக் காரணமல்ல. பயிற்சிக் கூடத்தில் அன்றாடம் வாங்கும் சிறு குத்துகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மூளையைச் சிதைக்கின்றன. பள்ளி வயதுக்கு முன்பே தொடங்கிய ஒருவருக்கு அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். கடைசி ஆண்டுகளில் ஜெர்ரியால் தானாக உடை உடுத்தவோ உண்ணவோ முடியவில்லை. சகோதரர் ஜேம்ஸ் உடனிருந்து பார்த்துக்கொண்டார். 1999 ஜனவரி 3 அன்று, 53-ஆம் வயதில் ஜெர்ரி இறந்தார். 2006-ல் மைக்கும் அதே நோயால் 55-ஆம் வயதில் போய்ச் சேர்ந்தார்.

53 வெற்றிகள், 9 தோல்விகள், 4 சமநிலைகள் என்பது அவருடைய கணக்கு. அந்த வெற்றிகளில் 32 நாக் அவுட்டுகள். அந்த ஒன்பது தோல்விகளில் அரோராவில் நடந்ததை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அது நோயாளி ஒருவரை மேடையேற்றியது. மற்ற எட்டில், ஓக்லண்டில் எல்லிஸிடம் கண்டதையும் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஃபிரேசியரிடம் முதன்முறை கண்டதையும்தான் அவர் மாற்றி எழுதியிருக்க முடியும் என்று நினைக்கிறேன். முதலாவதில் முன்னேறியிருக்க வேண்டும், இரண்டாவதில் பொறுத்திருக்க வேண்டும். அவர் இரண்டையும் இடம் மாற்றிச் செய்தார்.

அவரைப் பார்க்கத் தொடங்க விரும்பினால், பலர் பரிந்துரைக்கும் 1969 ஃபிரேசியர் ஆட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். லைல் ஆட்டத்தின் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. நடுச் சுற்றுகளில் அவருடைய முன்னங்காலை மட்டும் கவனியுங்கள். லைல் ஜாபை நீட்டும்போதெல்லாம் அந்தக் கால் அரை அடி பின்னே போய், அடுத்த நொடியே முன்னே வந்து ஊன்றும், கூடவே அவருடைய குத்தும் வந்து சேரும்.