மரப்பட்டைக் காகிதத்தில் வரைந்த ஓவியத்துக்கு ஏன் இவ்வளவு விலை? அது வெறும் மரப்பட்டைதானே, சாதாரணக் கைத்தாள் போதாதா?

கேள்வி கேட்டவர் ஏதேனும் ஒரு கண்காட்சியிலோ இணையக் கடையிலோ மெக்சிகோ நாட்டில் அமாத்தே என்னும் மரப்பட்டைத் தாளில் வரைந்த ஓவியத்தைப் பார்த்து, அதன் விலையைக் கண்டு மலைத்திருப்பார் என்று நினைக்கிறேன். பறவைகளும் பூக்களும் பளிச்சென்ற நிறங்களில் நிறைந்திருக்க, அவற்றுக்கு அடியில் பழுப்பு நார்கள் வெளிப்படையாகத் தெரியும் தாள் அது. நான் ஓவியம் பயின்றவள். கணவரின் பணி காரணமாகச் சில ஆண்டுகள் புவேப்லா நகரில் வாழ்ந்தபோது, அத்தாள் செய்யப்படும் ஊருக்கே சென்று பார்த்திருக்கிறேன். ஆகவே இக்கேள்வியைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஊரின் பெயர் சான் பாப்லித்தோ. புவேப்லா மாநிலத்தின் வடக்கு மலைப்பகுதியில், பாவாத்லான் வட்டாரத்தில் இருக்கிறது. அங்கு வாழ்பவர்கள் ஓத்தொமி என்னும் பழங்குடியினர். ஊருக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு கல்லால் பலகையைத் தட்டும் ஓசைதான் முதலில் காதில் விழுகிறது. காட்டத்தி இன மரங்களின் உட்பட்டையை உரித்து, காயவைத்து, சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ பல மணி நேரம் வேகவைத்து, அலசி, மெல்லிய கீற்றுகளாகக் கிழித்துக்கொள்வது பழைய முறை. அக்கீற்றுகளை மரப்பலகையின் மேல் முதலில் சட்டம்போல் ஓரங்களில் பரப்பி, பிறகு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டி வைத்து, கைக்கு அடங்கும் எரிமலைக் கல்லால் அடிக்கிறார்கள். அடிக்க அடிக்க நார்கள் விரிந்து, பக்கத்துக் கீற்றோடு பின்னி, இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன. பசை எதுவும் சேர்ப்பதில்லை. பின்னர் பலகையோடு வெயிலில் சாய்த்துவைத்து உலர்த்தி உரித்தெடுக்கிறார்கள்.

நான் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒரு தாளை ஏறக்குறைய முடித்துவிட்ட நிலையில், என் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு மெலிந்த இடத்தை விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்து, நகத்தளவு பட்டைத் துணுக்கை அங்கே வைத்து மறுபடியும் அடித்தார். ஓரங்களை உள்பக்கமாக மடித்து அடித்து, தாளுக்கு உறுதியான கரை கட்டினார். அடர்த்தி எங்கே கூட வேண்டும், நார் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதையெல்லாம் அவர் கைதான் தீர்மானித்தது. அதைக் கண்ணால் கண்டவர் எவரும் அத்தாளை மூலப்பொருள் என்று மட்டும் கருத மாட்டார்.

புதுச்சேரியில் பருத்தித் துணுக்குகளைக் கூழாக்கிச் செய்யும் கைத்தாளை நானும் விரும்பிப் பயன்படுத்துகிறேன். வெளிநாட்டுப் பொருள் என்பதால் உயர்த்திப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் இரண்டும் வேறு வேறு தொழில்கள். கூழை நீரில் கலக்கிச் சல்லடையில் அள்ளும்போது நார்கள் நீரின் போக்கில் படிகின்றன. அமாத்தேயில் நீண்ட நார் அறுபடாமல் அப்படியே தாளாகிறது. செய்முறையைப் பார்த்தால் அது மரவுரிக்கு நெருங்கிய உறவு.

இத்தாளின் வரலாறும் சிறியதன்று. ஆஸ்டெக் பேரரசுக்கு ஆண்டுதோறும் 4,80,000 தாள்கள் திறையாகச் சென்றன என்று அப்பேரரசின் திறைகளைப் பதிவுசெய்த மெண்டோசா சுவடி என்னும் பதினாறாம் நூற்றாண்டு ஆவணத்தின் கணக்கைப் படித்த அறிஞர்கள் கூறுகின்றனர். மாயா மக்கள் அத்தாளின் மேல் சுண்ணச்சாந்து பூசி எழுதிய நூல்களை 1562ஆம் ஆண்டு மானி என்ற ஊரில் தியெகோ தே லாந்தா என்ற பாதிரியார் தீயிட்டார். இன்று மிஞ்சியிருக்கும் மாயா சுவடிகள் நான்கே. கோயில் சடங்குகளுக்குப் பயன்பட்டது என்பதாலேயே தாள் செய்வதை, மெக்சிகோவைக் கைப்பற்றிய ஸ்பானியர் ஒடுக்கியபோது, எளிதில் எட்ட முடியாத மலைச்சரிவில் இருந்த சான் பாப்லித்தோவில் அத்தொழில் பிழைத்தது. சோளம், அவரை, மிளகாய் ஆகியவற்றின் விதைகளுக்குரிய ஆவிகளின் உருவங்களைப் பூசாரிகள் இத்தாளில் வெட்டியெடுத்து வழிபட்டதால் தேவையும் அறுபடவில்லை. நீங்கள் பார்த்த வண்ண ஓவிய வகை, 1960களில் கெர்ரேரோ மாநிலத்து நாவா மக்கள், மண்பாண்டங்களில் வரைந்து வந்ததை இத்தாளுக்கு மாற்றிக்கொண்டபோது பிறந்தது. தாள் ஓர் இனத்தாருடையது, தூரிகை வேறோர் இனத்தாருடையது.

இங்கேதான் என் மனக்குறை இருக்கிறது. ஊர் திரும்பிய பின் சென்னையில் ஒரு குழுக் கண்காட்சிக்கு நான் அமாத்தே தாளில் வரைந்த படங்களைக் கொடுத்தேன். விவர அட்டையில் ‘தாள்: ஓத்தொமி கைவினைஞர், சான் பாப்லித்தோ’ என்று எழுதித் தந்திருந்தேன். ஏற்பாட்டாளர்கள் அவ்வரியை நீக்கிவிட்டுக் ‘காகிதத்தில் அக்ரிலிக்’ என்று அச்சிட்டிருந்தார்கள். கேட்டதற்கு, கித்தான் நெய்தவர் பெயரை யாரேனும் போடுகிறார்களா என்றார்கள். ஆலையில் ஒரே சீராக ஓடிவரும் கித்தானுக்கும், ஒருவர் கையால் அடித்து எந்த இரண்டும் ஒன்றுபோல் அமையாத தாளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கியும் பயனில்லை. என் படத்தின் கோடுகள் அந்த நார்களின் ஓட்டத்தைப் பின்பற்றி வரையப்பட்டவை. அந்த அம்மாள் அதன் பாதிக்கு உரியவர் என்றே இன்றும் கருதுகிறேன். நாவா ஓவியர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களும் உழைத்து வாழும் எளிய மக்களே. ஆனால் படத்தின் மூலையில் ஓவியர் பெயராவது இருக்கிறது. தாள் செய்தவர் பெயர் எங்கும் இல்லை.

தொழிலில் குறைகளே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. வேகவைக்கும் நேரத்தைக் குறைக்கக் காஸ்டிக் சோடா வந்துவிட்டது. அது கைகளுக்கும் நீரோடைகளுக்கும் கேடு. தேவை பெருகியபோது அத்தி மரங்கள் அளவுக்கு மீறி உரிக்கப்பட்டன. அதனால் இப்போது பெரும்பாலும் ஹொனோத்தே என்னும் விரைந்து வளரும் மரத்தின் பட்டையைப் பயன்படுத்துகிறார்கள். காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் மரம் அது.

எனவே, விலை நியாயமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: தாளுக்காகத் தரும் தொகை நியாயம், அதில் தாள் செய்தவருக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு என்பதே அநியாயம். வாங்குவதானால் தாள் எந்த ஊரில், எந்த மரத்துப் பட்டையில் செய்யப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள். பிறகு தாளைப் புரட்டிப் பாருங்கள். பலகையில் ஒட்டியிருந்த பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தடமும், ஒட்டுப்போட்ட இடங்களும் தெரியும். நீங்களே அதில் வரைய விரும்பினால் அக்ரிலிக் வண்ணத்தைப் பயன்படுத்துங்கள். நீர்வண்ணம் நார்வழியே படர்ந்துவிடும்.