பாட்டி கதை பரீட்சைக்கு வராதா?

கேள்வி: மூணாறு பக்கம் தமிழ் மீடியத்தில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். பாறை, புவித்தட்டு, நிலச்சரிவு என எல்லாவற்றையும் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். ஒரே மாதத்தில் மறந்துவிடுகிறார்கள். நிலச்சரிவுப் பாடத்தின் நடுவே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வசிக்கும் ஒரு பெண் எழுந்து, "ஊத்துத் தண்ணி கலங்கினா அன்னிக்கு லயத்துல படுக்கக்கூடாதுன்னு பாட்டி சொல்லும் சார்" என்றாள். "பாட்டி கதை பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று சொல்லிப் பாடத்தை முடித்தேன். ஞாபகசக்தியை வளர்க்க உளவியலில் வழி உண்டா?
- ஓர் ஆசிரியர், தேவிகுளம் தாலுகா

பதில்: ஞாபகசக்தி இருக்கட்டும் தம்பி. அந்தப் பெண்ணை ஏன் உட்கார வைத்தீர்கள்?

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்களோடு 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். உங்கள் தாலுகாதான். மழைநீர் இறங்கி சரிவு உள்ளுக்குள் இளகும்போது நுண்மண் கரைந்து வரும். தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கும். நிலச்சரிவுக்கு முந்தைய அறிகுறிகளில் அதுவும் ஒன்று. உங்கள் பாடத்தின் சாரத்தையே பாட்டி ஒரு வரியில் சொல்லியனுப்பியிருக்கிறார். நீங்கள் பேத்தியைச் சபையில் வைத்துச் சிறுமைப்படுத்தியிருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவர் சொல்லைப் பிள்ளை எதிரிலேயே தட்டிவிடுவதை நான் எந்த வாத்தியாருக்கும் மன்னிப்பதில்லை.

நீங்கள் கேட்ட உளவியலும் இதைத்தான் சொல்கிறது. வோஸ்னியாடு, புரூவர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பிள்ளைகளிடம் பூமியின் வடிவத்தைக் கேட்டு 1992-இல் எழுதினார்கள். 'உருண்டை' என்று வாய் சொன்னது. துருவிக் கேட்டால், உள்ளே குடைந்த பந்து, அதற்குள் தட்டையான தரை, அதன்மேல் மனிதர்கள் என்று சிலர் மனதில் ஒரு படம் இருந்தது. பிள்ளை காலிக் குடமாக வருவதில்லை. உள்ளே இருப்பதைக் கேட்காமல் மேலே ஊற்றினால் வழிந்துதான் போகும்.

பழைய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றில் பள்ளிக்கூடத்து மண்ணைச் சரிவாகக் குவியுங்கள். ஒரு பாதியில் புல் கரணை பதியுங்கள், மறுபாதி மொட்டையாக இருக்கட்டும். எது முதலில் சரியும், எத்தனை குவளைத் தண்ணீரில் என்று நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். தன் கணிப்பு தப்பியதைக் கண்ணால் பார்த்த பிள்ளை லேசில் மறக்காது. ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தை மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட அது நிற்கும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நாளை வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம், "பாட்டி வேறென்ன சொல்லும்?" என்று கேளுங்கள். பாட்டிக்கு மேடு ஏற முடியுமென்றால் பள்ளிக்கே அழைத்து வரச் சொல்லுங்கள். வந்தால் உங்கள் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள்.