பழைய ஜிப்ஸிக்குச் சைலன்சர் மாற்றும்போது நல்ல சத்தத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: என்னிடம் 2004-ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி, எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) பெட்ரோல் வண்டி இருக்கிறது, கான்வாஸ் கூரை. தூத்துக்குடியின் உப்புக்காற்றில் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்பதால், சற்றுக் கம்பீரமான சத்தம் வரும்படி மாற்ற நினைக்கிறேன். ‘ஃப்ரீ ஃப்ளோ’ சைலன்சரும் 2.5 அங்குலக் குழாயும் போட்டால் சத்தமும் இழுவையும் கூடும் என்று கடையில் சொல்கிறார்கள். மதுரைக்கு அடிக்கடி குடும்பத்துடன் போய்வருவேன். எதைப் போடலாம்?

பதில்: புதிய சைலன்சருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால், இப்போது கேட்கும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சைலன்சரில் ஓட்டை இருப்பது கண்ணுக்குத் தெரிவதால், மற்ற கசிவுகளை யாரும் தேடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு ஜிப்ஸிக்கு, அதன் உரிமையாளர் வேறு வேறு பட்டறைகளில் மூன்று சைலன்சர்களை மாற்றியிருந்தார். அப்படியும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ‘டிக் டிக்’ என்ற கரடுமுரடான ஓசை போகவில்லை. இன்ஜினிலிருந்து புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டில், அதை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் (மரையாணி) ஒன்று முறிந்து, இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்குக் கரி படிந்திருந்தது. ஸ்டட்டை எடுத்து, கேஸ்கெட்டை மாற்றியதும், அவர் தேடிக்கொண்டிருந்த சத்தம் அந்த வண்டியிலேயே கிடைத்துவிட்டது.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடிமனான ஈரத்துணியை நாலாக மடித்து, வால்குழாயின் வாயை மூன்று நான்கு விநாடி மட்டும் அழுத்தி மூடச் சொல்லுங்கள். அதே நேரத்தில் மேனிஃபோல்டிலிருந்து பின்பக்கம் வரை காதை வைத்துக்கொண்டே வாருங்கள். கசியும் இடத்தில் ‘உஸ்’ என்ற சீறல் தெளிவாகக் கேட்கும். புகையில் எஞ்சியுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் இன்னொரு கேடும் உண்டு: அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் குறைவாக எரிகிறது என்று சென்சாரை நம்பவைக்கும், இன்ஜின் தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றும், மைலேஜ் குறைந்து, பிளக் கறுத்துப்போகும்.

இனிச் சத்தத்திற்கு வருவோம். உங்கள் இன்ஜின் 1,298 சி.சி., நான்கு சிலிண்டர், 16 வால்வு, 80 குதிரைத்திறன். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிப்பு நடக்கிறது. ஆகவே நிமிடத்திற்கு 3,000 சுற்றில் குழாய்க்குள் விநாடிக்கு 100 முறை அழுத்த அலை எழுகிறது. 100 ஹெர்ட்ஸ் என்ற அந்த அடிச்சுருதியும், அதன் மடங்குகளான மேற்சுருதிகளும் சேர்ந்துதான் நாம் கேட்கும் சத்தம். எட்டுச் சிலிண்டர் வண்டியின் உறுமலை எந்தச் சைலன்சராலும் இதிலிருந்து வரவழைக்க முடியாது. அடிச்சுருதி ஓரளவு கேட்க வேண்டும், மேலே இருக்கும் கரகரப்பு அடங்க வேண்டும். நீங்கள் ‘கம்பீரம்’ என்று சொல்வது இந்தக் கலவையைத்தான். கடையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காட்டும்போது மயக்குவது பெரும்பாலும் அந்தக் கரகரப்பே.

மேற்சுருதியும் அடிச்சுருதியும் ஒரே முறையில் அடங்குவதில்லை. துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்த நேர்வழிச் சைலன்சர், அதாவது கடைக்காரர் ‘ஃப்ரீ ஃப்ளோ’ என்று சொல்வது, கரகரப்பை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். தாழ்ந்த சுருதியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்து அறைகளாகப் பிரித்த சைலன்சர்தான் தாழ்ந்த சுருதியைக் கட்டுப்படுத்தும். ஐந்தாவது கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் வண்டி ஏறத்தாழ 3,000 சுற்றை ஒட்டி ஓடும். மதுரைச் சாலையில் மணிக்கணக்கில் அந்த 100 ஹெர்ட்ஸ் குமுறலைக் கான்வாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கேட்பது, பின் இருக்கையில் இருக்கும் குழந்தைகளுக்குத் தலைவலியைத்தான் கொடுக்கும். வெறும் நேர்வழிச் சைலன்சரை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தேர்வு இதுதான்: வண்டியின் நடுவில் பஞ்சு அடைத்த சிறிய நேர்வழிச் சைலன்சர் ஒன்று, பின்னால் அறைகள் கொண்ட பெரிய சைலன்சர் ஒன்று. பெரியதன் கொள்ளளவு, இன்ஜின் கொள்ளளவைப் போலப் பத்து மடங்கு, அதாவது 13 லிட்டர் அளவில் இருக்கட்டும். 18 சென்டிமீட்டர் விட்டமும் 50 சென்டிமீட்டர் நீளமும் உள்ள உருளை அந்தக் கணக்குக்குச் சரியாக வரும். இடம் இல்லை என்று சொல்லி டப்பா அளவில் ஒன்றைப் பொருத்த முன்வந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சத்தத்தின் தரம் பெரும்பாலும் இந்தக் கொள்ளளவில்தான் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் ஏதேனும் ஒரு வேகத்தில் மட்டும் குமுறல் மிஞ்சினால், முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றை வெல்டிங் செய்து அந்தச் சுருதியை மட்டும் அடக்கலாம். 100 ஹெர்ட்ஸுக்கு அதன் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும்.

குழாயின் விட்டத்தைப் பொறுத்தவரை, 2.5 அங்குலம் இந்த இன்ஜினுக்கு மிக அதிகம். ‘இன்ஜினுக்குப் பின்னழுத்தம் வேண்டும்’ என்று சிலர் சொல்லும் விளக்கம் சரியல்ல. வேண்டியது வாயுவின் வேகம். குழாய் அகலமானால் வாயு மெதுவாக நகரும். வேகமாகச் செல்லும் வாயு தனக்குப் பின்னால் சிலிண்டரில் எஞ்சியிருப்பதையும் இழுத்துச் செல்லும் பயன் குறைந்துவிடும். மேட்டில் இரண்டாவது கியரில் ஏறும்போது அந்த இழப்பை உணர்வீர்கள். 1.75 அங்குலம் போதும். 2 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். வளைவுகளில் குழாய் நசுங்காமல் வளைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நசுங்கிய 2 அங்குலக் குழாயைவிட நசுங்காத 1.75 அங்குலக் குழாய் மேலானது.

உலோகத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண இரும்புக் குழாய் உங்கள் ஊர்க் கடற்காற்றில் நெடுநாள் நிற்காது. 409 ரக ஸ்டெயின்லெஸ் மேலோட்டமாகத் துருப்பிடிக்கும், ஆனால் உழைக்கும்; 304 ரகம் இன்னும் நன்று. காந்தம் 409-இல் நன்றாக ஒட்டும், 304-இல் ஏறக்குறைய ஒட்டாது. ஆகவே சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். 304 குழாயைப் பழைய இரும்பு ஃபிளேஞ்சோடு (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தகடு) இணைக்கும்போது, 309எல் என்ற ஸ்டெயின்லெஸ் ரகக் கம்பியால் டிக் (TIG) வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். சாதாரணக் கம்பியால் ஒட்டினால் முதலில் துருப்பிடிப்பது அந்த ஒட்டுதான். சைலன்சரின் மிகத் தாழ்ந்த இடத்தில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கட்டும். எரிப்பில் உண்டாகும் நீர் அங்கேதான் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சைலன்சர் வாங்கலாமா என்று யோசித்தால், கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள்; உள்ளே தகடு ஆடும் ஓசை கேட்டால் விட்டுவிடுங்கள்.

வால்குழாய் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால், புகை சுழன்று கான்வாஸின் இடைவெளி வழியாக உள்ளே இழுக்கப்படும். அந்தப் புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது. குழாயின் வாய் பின் பம்பரைத் தாண்டியோ, பின்சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் உடலைத் தாண்டியோ முடிய வேண்டும். தோற்றத்துக்காக வண்டியின் அடியிலேயே வெட்டி நிறுத்தச் சம்மதிக்காதீர்கள். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் என்பதால், முழுச் சுமையில் அச்சு மேலே ஏறும்போது குழாயில் இடிக்காத இடைவெளியும் தேவை.

வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் கருவி) இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அதைக் கழற்றினால் கரகரப்பு கூடும், புகைச் சான்றிதழும் கிடைக்காது. 15 ஆண்டுகளைக் கடந்த வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆய்வுக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. எனவே பழைய சைலன்சரில் ஓட்டை விழுவதற்கு முன் இருந்ததைவிடச் சத்தத்தின் அளவு கூடாமல், அதன் குணம் மட்டும் மாறும்படி செய்யச் சொல்லுங்கள். மேலே சொன்ன இரட்டைச் சைலன்சர் அமைப்பில் அது முடியும். பொருத்தி முடித்ததும் பட்டறை வாசலில் உறுமவைத்துப் பார்த்துத் திருப்தியடையாமல், வீட்டார் இருவரைப் பின்னால் உட்காரவைத்து, அரை மணி நேரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிவிட்டு, அதன் பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.