பாக்கிசீற்றஸ் என்ற அழிந்துபோன விலங்கு நாலு காலில் நடந்தது. பிறகு ஏன் அதைத் திமிங்கிலம் என்கிறார்கள்?

காதெலும்புதான் முக்கிய காரணம். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழைய அந்த மண்டையோட்டில், நடுக்காதை மூடும் எலும்புக் கிண்ணத்தின் உள்விளிம்பு தடித்துக் கனத்திருக்கும். திருகோணமலைக் கடலுக்கு வரும் நீலத்திமிங்கிலத்திலும் அதேதான்.

நீங்கள் வெளித்தோற்றத்தைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். காலும் வாலும் வாழிடத்துக்கேற்ப மாறும் (சுறாவும் டொல்பினும் ஒரே வடிவம், உறவோ வெகுதூரம்).

உறவைக் காட்டும் இன்னோர் எலும்பும் உண்டு. இறைச்சிக் கடையில் ஆட்டின் பின்கால் கணுவெலும்பை வாங்கி, அவித்துச் சுரண்டிப் பாருங்கள். மேலும் கீழும் கப்பி மாதிரிப் பள்ளம் இருக்கும். குதிரைக்கு மேலே மட்டும். பாக்கிசீற்றஸுக்கும் இரட்டைக் கப்பிதான் என்று 2001இல் தெரியவந்தது. ஆடு, மாடு, நீர்யானைக் கூட்டத்தோடு உறவு அதோடு உறுதியானது.

ஆனால் விடையில் பாக்கிசீற்றஸை இன்றைய திமிங்கிலங்களின் 'நேரடி மூதாதை' என்று எழுதாதீர்கள். காதெலும்புத் தடிப்பு உறவைத்தான் காட்டும். காஷ்மீரில் கிடைத்த இந்தோஹையஸ் என்ற அழிந்துபோன குளம்பு விலங்கின் காதிலும் அந்தத் தடிப்பு உண்டு. அதைத் திமிங்கிலம் என்பதில்லை, நெருங்கிய உறவு என்றே சொல்கிறார்கள்.