சி நிரலில் ஒரு ஃபங்ஷனின் ஸ்டாக் ஃபிரேம் எத்தனை பைட் என்று டீபக்கரில் பார்ப்பது எப்படி?

அசைன்மென்டுக்காகத்தான் கேட்கிறீர்கள் போல. ஸ்டாக் ஃபிரேம் என்றால் ஒரு ஃபங்ஷன் அழைப்பு தன் மாறிகளை வைக்க ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் எடுக்கும் இடம். நான் இதைப் படித்தது சம்மாந்துறையில், ஒரு நெல் ஆலையின் கணக்கு மேசையில்.

ஆலைக்காரருக்கு நெல் கொள்வனவு பில் போட ஒரு சி புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன், உபுண்டுவில். சிறுபோகம் முழுக்க ஒரு பிழையும் இல்லை. பெரும்போக அறுவடை தொடங்கியதும் ஆலைக்கார ஹாஜியார் கோல் எடுத்தார்: "என்ன மகன், உங்கட புரோகிராம் பகல் சோத்தோட நிண்டு போகுதே!"

கல்லடியிலிருந்து கல்முனை பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். போய்ப் பார்த்தால் செக்மென்டேஷன் ஃபோல்ட், அதாவது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு நின்றிருக்கிறது. அன்றைய பில்கள் ஒரு லிங்க்ட் லிஸ்ட், ஒன்று அடுத்ததைக் காட்டும் சங்கிலி. கடைசி பில்லில் இருந்து முதல் பில்லுக்கு அச்சடிக்க ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவது) போட்டிருந்தேன். அந்த ஃபங்ஷனுக்குள் 65,536 பைட்டில் ஒரு கேரக்டர் அரே. ஏன் அவ்வளவு பெரிது? பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்த வயது.

ஜிடிபி என்ற டீபக்கர் விழுந்த இடமாகக் காட்டியது ஃபங்ஷனின் தொடக்க வரியை. உள்ளே நான் எழுதிய ஒரு வரிகூட ஓடவில்லை. பேக்டிரேஸ் (யார் யாரைக் கூப்பிட்டார் என்ற பட்டியல்) கொடுத்தால் ஒரே பெயர் நூற்றுச் சொச்சம் தடவை. அப்போதுதான் அளந்து பார்க்கத் தோன்றியது.

வழி இதுதான். 'ஃபிரேம் 5' என்று போய் 'இன்ஃபோ ஃபிரேம்' கொடுங்கள். முதல் வரியில் 'ஃபிரேம் அட்' என்று ஒரு முகவரி வரும். 'அப்' கொடுத்து ஆறாவதிலும் அதையே எடுங்கள். ஸ்டாக் கீழ்நோக்கி வளர்வதால் ஆறாவதின் முகவரிதான் பெரியது. அதிலிருந்து ஐந்தாவதைக் கழித்தால் ஆறாவது ஃபிரேமின் அளவு. எனக்கு வந்தது 65,584. அரே போக மிச்சம் 48: திரும்பும் முகவரி 8, பழைய ஆர்பிபி (ஃபிரேமின் அடியைக் காட்டும் ரெஜிஸ்டர்) 8, அரே வழிந்தால் கண்டுபிடிக்க ஸ்டாக் புரொடெக்டர் வைக்கும் காவல் எண் 8, பாயின்டர் 8, வரிசைப்படுத்த விட்ட வெற்றிடம் 16.

ஸ்டாக்குக்கு எவ்வளவு இடம் என்று காட்டும் 'யூலிமிட் -எஸ்' 8192 கிலோபைட் என்றது. வகுத்துப் பாருங்கள், 127 அழைப்புக் கொள்ளும், 128-வது விழும். சிறுபோகத்தில் ஒரு நாளும் அத்தனை பில் வரவில்லை. பெரும்போகத்தில் மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. அரேயை ஸ்டாட்டிக் ஆக்கி ஸ்டாக்குக்கு வெளியே வைத்தேன், ஃபிரேம் 32 பைட்டுக்கு இறங்கியது.

'எஃப்-ஸ்டாக்-யூசேஜ்' கொடுத்தால் கம்பைலரே எழுதித் தருமே என்று யாராவது வருவார்கள். தரும், நானும் பாவிக்கிறேன். ஆனால் விழுந்த நேரத்தில் எத்தனை ஃபிரேம் அடுக்கி இருந்தது என்று அது சொல்லாது. லூப்பில் எழுதியிருக்கலாமே என்பவர்களுக்கு: தெரியும். அப்போது தெரியாது.

இந்தத் திருத்தத்துக்கு எனக்குக் கிடைத்தது பஸ் காசும் ஒரு மூட்டை அரிசியும். ஹாஜியாரைக் குறை சொல்லவில்லை, அவர் நல்ல மனுசன், பிழையும் என்னுடையது. ஆனால் இங்கே பொதுவாகவே இதுதான் நிலைமை. கொழும்பிலிருந்து ஒரு கம்பனி கொட்டேஷன் அனுப்பினால் மறுபேச்சில்லாமல் கட்டுவார்கள். ஊர்ப் பெடியன் கூலி கேட்டால் "இதென்ன, கொம்பியூட்டர்ல தட்டுறதுதானே" என்பார்கள். சரி, அதை விடுங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். நின்றுகொண்டிருக்கும் ஃபிரேமை, அதாவது பூச்சியமாவதை, அளப்பதென்றால் 'ஃபிரேம் அட்' முகவரியிலிருந்து ஆர்எஸ்பியை (ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ரெஜிஸ்டர்) கழியுங்கள். புரோலாக், அதாவது ஃபங்ஷன் தொடங்கும்போது ஃபிரேமை அமைக்கும் பகுதி, முடிந்த பிறகு கழிக்க வேண்டும். ஃபங்ஷன் பெயரில் பிரேக்பாயின்ட் வைத்தால் ஜிடிபியே அதைத் தாண்டித்தான் நிறுத்தும். வேறெதையும் கூப்பிடாத ஃபங்ஷன் என்றால் லினக்ஸ் 64 பிட்டில் ஆர்எஸ்பிக்குக் கீழே 128 பைட் வரை இறக்காமலே பாவிக்கும், அது உங்கள் கணக்கில் வராது. வேகப்படுத்தும் ஓ2 போட்டுக் கம்பைல் செய்தால் சில ஃபங்ஷன்கள் கூப்பிட்ட இடத்துக்குள்ளேயே கலந்து (இன்லைனாகி) அவற்றின் ஃபிரேம்கள் காணாமலே போய்விடும். அதனால் வாடிக்கையாளரிடம் கொடுக்கும் பில்ட் எதுவோ, அதையே அளந்து பாருங்கள்.