கேமிங் லேப்டாப் 30 எஃப்பிஎஸ்ஸிலேயே நிற்கிறதா? போர்டை மாற்றுவதற்கு முன் சார்ஜரைப் பாருங்கள்

கேள்வி: மகன் காரைக்குடியில் இன்ஜினியரிங் படிக்கிறான். போன வருடம் மதுரையில் ஒரு கடையில் 82,000 ரூபாய்க்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் சிப் போட்ட கேமிங் லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். முதலில் 120, 130 எஃப்பிஎஸ் வந்ததாம். இரண்டு மாதமாக எந்த கேமைப் போட்டாலும் 30-க்கு மேல் ஏறவில்லை என்கிறான். கூட வந்த சார்ஜர் கெட்டுப்போனதால் வெளியில் ஒரு டைப்-சி சார்ஜர் வாங்கிப் போட்டிருக்கிறோம். ராமநாதபுரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டியபோது, கடல் காற்றில் மதர்போர்டு அரித்துவிட்டது, மாற்ற 26,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மாற்றலாமா?
— ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட கொடுக்க வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 30 என்ற எண், அப்புறம் அந்த டைப்-சி சார்ஜர்.

எஃப்பிஎஸ் என்பது ஒரு நொடியில் திரையில் எத்தனை படம் மாறுகிறது என்ற கணக்கு. போர்டிலோ கிராபிக்ஸ் சிப்பிலோ கோளாறு என்றால் இந்த எண் தாறுமாறாக ஆடும். கனமான கேமில் 18, லேசான கேமில் 70 என்று வரும். இல்லையென்றால் கேம் பாதியில் நின்றுபோகும், திரையில் கோடு விழும். எல்லா கேமும் ஒரே மாதிரி 30-ல் நின்றால், ஏதோ ஒரு செட்டிங் அதை அங்கே பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் பொருள். உப்பு அரித்த போர்டுக்கு 30 வரை எண்ணத் தெரியாது.

உங்கள் மகனுடையது மாதிரி என்விடியா சிப் உள்ள லேப்டாப்களில் பேட்டரி பூஸ்ட் என்று ஒரு வசதி உண்டு. பேட்டரியில் ஓடும்போது சார்ஜ் சீக்கிரம் தீராமல் இருக்க எஃப்பிஎஸ்ஸை மட்டுப்படுத்தும், வழக்கமாக 30-ல். வயர்தான் சொருகியிருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆனால் இந்த ரக லேப்டாப்போடு வரும் சார்ஜர் மாடலைப் பொறுத்து சுமார் 120 முதல் 240 வாட் வரை இருக்கும். வெளியில் கிடைக்கும் டைப்-சி சார்ஜர்கள் பெரும்பாலும் 65 அல்லது 100 வாட்தான். அது பேட்டரியை ஏற்றும், பாடம் படிக்கப் போதும். கேம் ஓட்டப் போதாது. போதாதபோது லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சில மாடல்கள் அந்தச் சின்ன சார்ஜரைக் கிட்டத்தட்ட பேட்டரி மாதிரியே நடத்துகின்றன.

வாட் கணக்கை நீங்களே பார்க்கலாம். சார்ஜரின் அடியில் அவுட்புட் என்ற வரியில் வோல்ட், ஆம்பியர் இரண்டும் இருக்கும், பெருக்கினால் வாட். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். 20 வோல்ட், 8.5 ஆம்பியர் என்றால் 170 வாட். கெட்டுப்போன பழைய சார்ஜரைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள், அதையும் எடுத்துப் பாருங்கள்.

உடனே புது சார்ஜர் வாங்க ஓட வேண்டாம். கல்லூரியில் இதே மாடல் வைத்திருக்கும் பையனிடம் ஒரு மணி நேரம் சார்ஜரை இரவல் வாங்கி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எண் ஏறிவிட்டால் விஷயம் முடிந்தது. ஏறவில்லை என்றால் என்விடியா ஆப்பைத் திறந்து பேட்டரி பூஸ்ட், விஸ்பர் மோட் (ஃபேன் சத்தத்தைக் குறைப்பது), மேக்ஸ் ஃபிரேம் ரேட் (எஃப்பிஎஸ் உச்ச வரம்பு) மூன்றையும் அணைக்க வேண்டும். எஃப்பிஎஸ்ஸைத் திரையின் வேகத்தோடு இணைக்கும் வி-சிங்க் இருந்தாலும் 60 சரியாகப் பாதியாகி 30-ல் உட்காருவது உண்டு, அதையும் அணைத்துப் பார்க்கட்டும். வாலரண்ட் மாதிரி சில கேம்களுக்குள்ளேயே பேட்டரியில் இத்தனை எஃப்பிஎஸ்தான் என்று தனி செட்டிங் இருக்கிறது. அப்புறம் லேப்டாப் நிறுவனமே வைத்திருக்கும் வேக மோட், அதை மாற்றும் கீகள்: லெனோவோவில் எஃப்என்-க்யூ, ஆசஸில் எஃப்என்-எஃப்5. கை தெரியாமல் பட்டு சைலன்ட் மோடுக்குப் போயிருந்தாலும் வேகம் விழும்.

சார்ஜர் வாங்கத்தான் வேண்டும் என்றால் முதலில் பில் தேதியைப் பாருங்கள். வாரண்டி இன்னும் ஓடுகிறது என்றால், பெரும்பாலான நிறுவனங்கள் கூட வந்த சார்ஜரையும் அதிலேயே சேர்த்துத்தான் தருகின்றன. கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். கேட்காமல் வெளியில் வாங்குகிறவர்கள்தான் அதிகம், அதுதான் எனக்கு வருத்தம்.

கடல் காற்றைப் பற்றிய பயம் பொய் இல்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானே ஈரத்தை இழுத்துக் கசியும். பாக் ஜலசந்திப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் இது அன்றாட நிலவரம். அதனால் முதலில் அடி வாங்குவது சார்ஜிங் பின், யூஎஸ்பி வாய், ஃபேன், கீபோர்டு. ஒருவேளை பழைய சார்ஜர் போனதுகூட அப்படித்தான் இருக்கலாம். ஆனால் அரிப்பு என்று சொல்கிறவர் திறந்து காட்டட்டும்: பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும், கண்ணுக்கே தெரியும். காட்டாமல் சொன்னால் நம்பாதீர்கள். என்ன கோளாறு, எந்த பாகம், எவ்வளவு என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். மாற்றினால் பழைய பாகம் உங்களிடம் வர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வாரண்டி இருந்தும் காசு கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை மதுரையில் இருப்பதால் அங்கே அலைய வேண்டுமோ என்று தயங்காதீர்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில்லும் ஜாப் கார்டும்தான் அங்கே பேசும்.

கேள்வி: இரண்டு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4050, ஒன்று 9,000 ரூபாய் குறைவு. குறைந்ததையே எடுத்துவிடலாமா அண்ணே?
— கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: வாட் கேட்காமல் எடுக்காதீர்கள் தம்பி. லேப்டாப் 4050 சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் நிறுவனம் அமைக்கலாம். ஒரே மாதிரி வர்ணம் அடித்த இரண்டு விசைப்படகில் எஞ்சின் வேறு வேறாக இருப்பது போலத்தான். கடைக்காரர் டிஜிபி (அந்தச் சிப்புக்கு அமைத்திருக்கும் வாட்) எவ்வளவு என்று சொல்லாவிட்டால் நிறுவனத்தின் இணையதளத்தில் முழு மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். விலை குறைந்ததில் ரேம் ஒரே குச்சியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இன்னொன்று போட இடம் இருக்க வேண்டும். இரண்டு குச்சி போட்டால் பல கேம்களில் எஃப்பிஎஸ் கூடும். வாட் இரண்டிலும் சமம், ரேமுக்கும் இடம் இருக்கிறது என்றால் குறைந்த விலையையே எடுங்கள்.

கேள்வி: கேம் தொடங்கும்போது 90 எஃப்பிஎஸ், கால் மணி நேரத்தில் 45-க்கு விழுகிறது. கரண்ட் வோல்டேஜ் குறைவு என்று ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்கிறார்கள்.
— உச்சிப்புளி வாசகர்

பதில்: ஸ்டெபிலைசர் வேண்டாம். சார்ஜரில் இன்புட் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கும். வீட்டில் 180 வந்தாலும் அது சமாளிக்கும். உங்களுடையது சூடு. பிராசசர் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. மெத்தையிலும் பாயிலும் வைக்காமல் மேசையில், பின்பக்கத்தை இரண்டு விரல் அளவு உயர்த்தி வைத்து ஓட்டுங்கள். எஃப்பிஎஸ்ஸை நீங்களாகவே 60-ல் நிறுத்தினால் சூடு குறைந்து சீராக ஓடும். 90-லிருந்து 45-க்கு விழுவதைவிட அது கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

கச்சான் காற்று வீசும் காலத்தில் மணல் தூசு ஃபேனுக்குள் ஏறிவிடும், வருடத்துக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்ய வேண்டும். பஞ்சர் கடைக் காற்றை மட்டும் அடிக்காதீர்கள், அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். சின்ன பிளோயர் போதும். அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். வாரண்டி இருந்தால் நீங்களே திறக்காமல் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.