மூன்று கேம் கன்சோல்கள், ஒரே தொலைக்காட்சி

கேள்வி: பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஒன், முதல் தலைமுறை நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகிய மூன்றையும் தானாக மாறும் எச்டிஎம்ஐ ஸ்விட்ச் பெட்டி ஒன்றில் இணைத்திருக்கிறேன். விளையாடி முடித்த பிறகும் அது பிளேஸ்டேஷனை விட்டு நகர மறுக்கிறது. பெட்டி பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இராது. எச்டிஎம்ஐ இணைப்பின் 19 ஊசிகளில் 18-ஆவது ஊசி வழியாகக் கன்சோல் 5 வோல்ட் மின்னழுத்தத்தை அனுப்புகிறது. மலிவான பெட்டிகள் பலவும் படம் வருகிறதா என்று பார்ப்பதில்லை, இந்த 5 வோல்ட் வருகிறதா என்பதை மட்டுமே பார்த்து, புதிதாக விழித்த கன்சோலுக்குத் தாவுகின்றன. ஓய்வு நிலையில் வைத்த கன்சோல் அதை நிறுத்தாவிட்டால், இன்னும் இயங்குவதாகவே பெட்டி எடுத்துக்கொள்ளும். ஆகவே பிளேஸ்டேஷனை ஒருமுறை முழுவதுமாக அணைத்துப் பாருங்கள். பெட்டியின் முகப்பில் எரியும் சிறு விளக்கு அடுத்த எண்ணுக்கு நகர்ந்தால் காரணம் அதுவே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 4கே தெளிவில் நொடிக்கு 120 படங்கள் தரவல்ல பிளேஸ்டேஷன் 5-ஐ, நொடிக்கு 18 கிகாபிட் மட்டுமே கடத்தும் எச்டிஎம்ஐ 2.0 பெட்டியின் வழியே கொண்டுவந்தால் அதன் திறன் வீணாகும். தொலைக்காட்சியில் வேறு போர்ட் காலியாக இருந்தால் அதை நேரடியாக அங்கே செருகி, அமைப்புகளில் எச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க்கை இயக்கிவிடுங்கள். சிஇசி, அதாவது எச்டிஎம்ஐ கம்பி வழியே கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் வசதி, உள்ள தொலைக்காட்சி, கன்சோல் விழித்ததும் தானே அந்தப் போர்ட்டுக்கு மாறிக்கொள்ளும். அதிகபட்சம் 1080பி தரும் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு உங்கள் பெட்டியே தாராளம்.